சலவை ஆலையில் ஒரு கடல்

ஜூலை 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிறவளிடம் அப்படிக் கேட்பது குத்திக்காட்டுவது மாதிரி. உன் கடிதத்தை எங்கள் ஆலையின் வாசல் காவலாளி எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தான். அவனுக்கு நாற்காலி கிடையாது என்பது வேறு விஷயம். உங்கள் ஹாஸ்டலில் கைபேசியை வாங்கிப் பூட்டி வைப்பது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் என் எழுத்துத் திறமை உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். ஐந்தாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன் நான். சும்மா மேலோட்டமாகப் படித்துவிட்டு மேலே போனவன் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பாட்டு எழுதிப் பாடி, அதற்கு வீடியோவும் எடுக்க வேண்டும் என்று இசை டீச்சர் சொல்லியிருக்கிறார். நீயும் பாடுகிற பெண்ணும் கணினியில் வெட்டி ஒட்டுகிற பையனும் ஒரு குழு. கடலைப் பற்றிப் பாட்டு எழுதிவிட்டீர்கள். ஆனால் மூன்று பேரில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. பள்ளிப் பஸ் அவ்வளவு தூரம் போகாது. அதனால் பின்பக்கத்துக் குளத்தை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று இருக்கிறீர்கள்.

குளமா? தவளை குந்தியிருக்கிற இடத்திலா கடல் பாட்டு எடுப்பது?

கடலைப் பற்றி என்னிடம் கேள். கழுத்தளவு அலையில் நின்றுகொண்டு, தலை நனையாமல் தினசரிப் பத்திரிகை படித்தவன் நான். உனக்குக் கடல்தானே வேண்டும்? நான் தருகிறேன். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் எங்கள் ஆலையில்தான் வெளுக்கிறது. ஒரு நாள் விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்தால் நிலாவுக்கே போர்த்திவிடலாம். நூறு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினால் அது அலை இல்லாமல் வேறு என்ன? ஆடுவதற்கும் ஆள் தேட வேண்டாம். மாமா கண்ணைக் காட்டினால் நூறு பேரும் ஆடுவார்கள். நான் சொல்லி இங்கே ஒரு மெஷின்கூட நின்றதில்லை, ஓடாமலும் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை உன் கூட்டாளிகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நூறு பேருக்குச் சமமான,
உன் மாமா

*

ஜூலை 11

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதுதான் இப்போது வினையாகப் போய்விட்டது.

எங்கள் குழுவில் பாடுகிறவளுக்குத் 'தொண்டை' என்று பெயர். வைத்தது நான்தான். அவள் வாயைத் திறந்தால் மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டுகிறவன் 'கத்தரி'. அவனுக்கு நாக்கும் கத்தரிதான். கடிதத்தைக் கேட்டதும் தொண்டை கைதட்டினாள். கத்தரி மட்டும், "உங்க மாமா நல்லா அளக்குறாருப்பா" என்றான்.

மாமா, 'உன் மாமா சொல்றதைப் பாதியாக்கு, அப்புறம் அதையும் பாதியாக்கு' என்று அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். அது எனக்குத் தெரியாததா? ஆனால் அவன் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க மாமா வாய்ல வந்தா வந்ததுதான். நூறுன்னா நூறு" என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டு ஆட்களை நாம் சொல்லலாம், வெளியாள் சொல்லக் கூடாது, இல்லையா?

அதை டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார். குளத்தில் எடுப்பதை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இதைக் கேட்டு முகம் மலர்ந்துபோனார். எங்கள் திட்டத்தில் 'சலவை ஆலையில் நூறு பேர் ஆடும் கடல் காட்சி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இனி மாற்ற முடியாது.

இதில் என் மதிப்பெண் போனால் போகட்டும். தொண்டை இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். ஒரு பாட்டு வீடியோ அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் நேரில் கூப்பிடுவார்கள். அவள் அனுப்பப் போவது இதைத்தான். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேறு பாட்டும் இல்லை, வேறு வருடமும் இல்லை. இந்த வருடம் கிடைக்காவிட்டால் அண்ணனுடைய கடையில் உட்கார வைத்துவிடுவார்களாம். நேற்று என்னிடம், "உங்க மாமாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்னு எழுதுப்பா" என்றாள். நீங்கள் இன்னும் ஒரு விரிப்பைக்கூடத் தூக்கவில்லை, அதற்குள் நன்றி.

மாமா, கோபப்படாமல் சொல்லுங்கள். நிஜமாகவே முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நானும் உங்கள் மருமகள்தானே.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
மருமகள்

*

ஜூலை 19

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் ஆலையில் என்னை விட்டால் ஆளில்லை. அதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்பதையாவது நம்பு.

முடியுமா என்று கேட்டாய். மாமாவிடம் கேட்கிற கேள்வியா இது? முடிந்துவிட்டது. எப்படி என்று கேள்.

முதலில் சூப்பர்வைசர் அம்மாவிடம் போனேன். அவர் யாருக்கும் மசியாதவர். சட்டைப் பையில் பேனா வைத்துத் துவைக்கப் போட்ட டாக்டரையே போனில் கூப்பிட்டு வறுத்தெடுத்தவர். நான் என் சொல்வன்மையை எல்லாம் இறக்கினேன். உலக நாடுகள் நம் ஆலையைப் பார்க்கப் போகின்றன என்றேன்.

"உலகம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகணும். அதைத் தூக்கி ஆடப்போறேன்னு சொல்றீங்களே, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வரவில்லை. அதனால் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன். நின்றபடியே படித்தார். அந்தப் பாடுகிற பெண்ணைப் பற்றிய இடத்தில் இரண்டு தடவை படித்த மாதிரி இருந்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிழிஞ்சு கழிச்சுக் கட்டின விரிப்பு மூட்டை பின்னால கிடக்கு. அது பழைய துணிக்காரனுக்குப் போறதுக்குள்ள எடுத்துக்கங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும். தரையில வழுக்கி யாராவது விழுந்தா உங்களைத்தான் மெஷின்ல போட்டுப் பிழிவேன்."

படம் எடுக்கத் தன் கைபேசியையே தருகிறேன் என்றும் சொல்லிவிட்டார்! ஆக, உலக நாடுகளால் முடியாததை உன் கடிதம் சாதித்தது. என் வளர்ப்பு அப்படி.

அடுத்தது ஆட்கள். ஒவ்வொரு பிரிவாகப் போனேன். துவைக்கிறவர்கள், உலர்த்துகிறவர்கள், உருளை மெஷினில் இஸ்திரி போடுகிறவர்கள், கிழிசல் தைக்கிற அம்மா, பாய்லர் பெரியவர். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஆட எவனுக்கு மனசு வரும்? கொஞ்சம் மசாலா சேர்க்க வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. என் மருமகள் எடுப்பது பள்ளிக்கூடப் படம்தான், ஆனாலும் படம் படம்தான், அதில் கதாநாயகனே நான்தான், என்னைச் சுற்றித்தான் கதை என்று சொல்லி வைத்தேன். ஒரு மரியாதைக்குத்தான். துணி மடிக்கிற அக்கா, எங்கள் மடிப்பக்கா, மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நிஜமாவே நீங்கதான் ஹீரோவா?"

"பின்ன? என்னைப் பாத்தா வில்லன் மாதிரியா இருக்கு?"

"காமெடியன் மாதிரி இருக்கு. சரி சரி, மருமகப் பொண்ணு நம்பிக் கேட்டிருக்கு."

அவள்தான் நமக்குக் கேமரா. மடிப்புப் பிரிவில் பதினாறு வருடமாக விரிப்பின் ஓரத்தோடு ஓரம் சேர்ப்பவள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

நீ பாட்டை அனுப்பு. மற்றதை மாமா பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கத்தரிப் பையனிடம் சொல்: நூறு என்றால் நூறுதான். ஷிப்டில் நாற்பது பேர்தான் என்றாலும், என் ஆட்கள் ஒருத்தர் இரண்டரைப் பேருக்குச் சமம். கணக்குச் சரியாக வருகிறதா என்று அவனையே போட்டுப் பார்க்கச் சொல்.

இயக்குநரின் இயக்குநர்,
உன் மாமா

*

ஜூலை 23

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மெஸ் வரிசையில் நின்றிருந்தேன். படித்துவிட்டுத் தட்டோடு குதித்தேன். கத்தரி கணக்குப் போட்டுப் பார்த்தான். சரியாக வருகிறது என்று ஒத்துக்கொண்டான்!

இத்துடன் மெமரி கார்டு. அதில் பாட்டு இருக்கிறது. தாளத்துக்கு இப்போதைக்குக் கணினியில் கிடைத்த ஏதோ ஒரு டிரம் சத்தத்தை வைத்திருக்கிறோம். தொண்டைக்கு அது பிடிக்கவில்லை. "தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்குப்பா" என்கிறாள். எனக்கும்தான். நேரமில்லை.

பாட்டின் ஆரம்பம் இது:

*ஒரு கரை மட்டும் இருக்கிற தண்ணீராம்,*
*மறுகரையைப் பார்த்தவர் இல்லையாம்,*
*ஒரு நாள் போவோம், நீயும் நானும்,*
*பார்த்துவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டோம்.*

மூன்று தடவை பாட்டைப் போட்டு, மூன்று தடவை எடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் தெரிய வேண்டும். கைபேசியைப் படுக்கை வசத்தில் பிடிக்க வேண்டும். பின்னணியில் வரும் சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் எடுத்துவிடுவோம்.

சூப்பர்வைசர் அம்மாவுக்கும், மடிப்பக்காவுக்கும், எல்லோருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தை விட்டுக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. எங்களுக்குத் தெரியும், நாங்கள் ஹாஸ்டலில் இருக்கிறோம்.

மருமகள்

பி.கு. தொண்டை எழுதுவது: மாமா, நான் உங்களைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த மாதம் முழுக்க உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நன்றி.

*

ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கும் தொண்டைக்கும் அந்தக் கத்தரிக்கும்,

எடுத்தாயிற்று! கடல் பொங்கியது! அந்தக் காட்சியை மட்டும் கடல் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு ஒரு மைல் உள்ளே போயிருக்கும்.

கேள். சாப்பாட்டு மணி அடித்தது. உலர்த்தும் மெஷின்களை நிறுத்தினார்கள். இஸ்திரி உருளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது சூடு ஆறினால் மறுபடி ஏற அரை நாள் ஆகும், அதனால் நிறுத்தக் கூடாது. டிராலிகளைச் சுவர் ஓரமாகத் தள்ளினோம். கூடம் முழுக்கக் காலி. கழித்த விரிப்பு மூட்டையை அவிழ்த்தோம். ஓட்டை, கிழிசல், கறை, ஆனால் அத்தனையும் வெள்ளை. கிழிசல் தைக்கிற அம்மா தலைக்குப் புதிதாகச் சாயம் பூசிக்கொண்டு வந்துவிட்டார்! "படத்துல நரை தெரிஞ்சா மருமகன் கிண்டல் பண்ணுவான்" என்றார். அவர் மருமகன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டாராம்.

நான் மடிப்பு மேசைமேல் ஏறி நின்றேன். கூட்டத்தை நடத்துகிறவன் உயரத்தில் நின்றால்தான் அழகு. மடிப்பக்காவை அலைகளுக்கு நடுவே நின்று எடுக்கச் சொன்னேன். விரிப்புகள் எழும்பியதும் அவள் உள்ளே மறைந்தே போனாள். எங்கே நிற்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வேலைக்காரி.

உருளைச் சத்தத்தில் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, அதனால் அதை நிறுத்திவிட்டு வாயால் எண்ணி உதறச் சொன்னேன். முதல் தடவை எல்லோரும் ஆளுக்கொரு திசையில் உதறினார்கள். நான் போட்ட சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. இரண்டாம் தடவைக்குப் பாய்லர் பெரியவர் ஒரு வழி சொன்னார்: "வாயால எண்ணாதீங்கப்பா. கையைத் தட்டிட்டு உதறுங்க. கை தப்பாது." தட்டினார்கள், உதறினார்கள். மருமகளே, நான் ஒன்று சொல்லவா? மாமா நிறையப் பார்த்தவன். ஆனால் அந்த இரண்டாம் தடவை அத்தனை விரிப்பும் ஒன்றாக எழும்பி, காற்றை வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கியபோது... சரி, வேண்டாம். நீதான் பார்க்கப் போகிறாயே.

மூன்றாம் தடவை பெரியவர் பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவியைத் திறந்துவிட்டார். கடற்பனி! யாரோ வழுக்கி உட்கார்ந்தார்கள், பயல்கள் சிரித்த சிரிப்பில் தாளமே போய்விட்டது. வழுக்கியது யார் என்று சூப்பர்வைசர் அம்மா கேட்கவில்லை. ஏனென்றால் வழுக்கியது அவர்தான். ஆமாம், கடைசியில் அவரும் ஒரு முனையைப் பிடித்துவிட்டார்.

எடுத்ததை நான் பார்க்கவில்லை. தபால் வண்டி வாசலில் நின்றது, கார்டைக் கழற்றி உறையில் போட்டுவிட்டேன். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? நேரில் நின்றவன் நான்.

ஆலையில் இப்போது ஒரே பேச்சுத்தான். என்னைக் கண்டால் "எப்பப்பா படம்?" என்கிறார்கள். படம் தயாரானதும் ஒரு பிரதி அனுப்பு. கேன்டீன் டிவியில் போட்டு, எல்லோரும் அவரவர் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

வெற்றி மாலையோடு,
மாமா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கார்டில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

மூன்று தடவையும் நீங்கள்தான். மேசைமேல் நிற்கிற நீங்கள், இடுப்புக்கு மேலே. வேறு ஒருவர்கூட இல்லை. ஓரிரண்டு இடத்தில் விரிப்பின் ஓரம் ஒன்று குறுக்கே வெள்ளையாகப் போகிறது. அவ்வளவுதான். மடிப்பக்காவின் கை நடுங்கவே இல்லை. நீங்கள் சொன்னது நிஜம். கதாநாயகனை விட்டு ஒரு நொடிகூட விலகவில்லை.

முதலில் பார்த்தபோது கத்தரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். தொண்டை திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு உங்கள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மன்னித்துவிடுங்கள், வந்தது. மறுபடி எடுக்கச் சொல்லவும் வழியில்லை. நாள் இல்லை, விரிப்புகளும் பழைய துணிக்காரனிடம் போயிருக்கும்.

அப்புறம் தொண்டை சொன்னாள், "ரெண்டாவது தடவை எடுத்ததை மட்டும் இன்னொரு தடவை போடேன்." போட்டேன். "சத்தத்தைக் குறைச்சிட்டுப் போடு." போட்டேன்.

மாமா, அதில் நீங்கள் முதலில் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறீர்கள். பிறகு திடீரென்று நிறுத்திவிடுகிறீர்கள். கை அப்படியே கீழே இறங்குகிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. உங்கள் கண் மெதுவாக மேலே போகிறது, ரொம்ப நேரம் அங்கேயே நிற்கிறது, பிறகு மெதுவாக இறங்குகிறது. மறுபடி மேலே போகிறது. எனக்கு உங்களைப் பிறந்ததிலிருந்து தெரியும். நீங்கள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கத்தரி எப்போது திரும்பி வந்தான் என்று தெரியாது. எங்கள் பின்னால் நின்று சொன்னான்: "கடலைக் காட்டவே வேணாம். முதல் தடவை கடலைப் பாக்குற ஆளைக் காட்டினா போதும்."

அதையேதான் செய்தோம். பாட்டு முழுக்க உங்கள் முகம்தான். கடல் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

இன்னொன்று. பின்னணிச் சத்தத்தை எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தேன் இல்லையா? கேட்டுப் பார்த்தோம். கைதட்டல், உடனே அத்தனை விரிப்பும் உதறும் 'தொம்', பின்னால் இஸ்திரி உருளை ஒரே சீராக உறுமுவது, நீராவி, கடைசியில் அந்தச் சிரிப்பு. தொண்டை எங்கள் டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தச் சத்தத்தின்மேலேயே முழுப் பாட்டையும் புதிதாகப் பாடினாள். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. ஒருவருடைய கைதட்டலில் மட்டும் 'டக்' என்று இரும்பு மாதிரி ஒரு சத்தம் வருகிறது. யாருடையது என்று தெரியவில்லை. தாளத்தின் முதல் அடியே அதுதான். டீச்சர் திட்டத்தில் போட்ட கையெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னொரு தடவை போடு" என்று மட்டும் சொன்னார். இசைக் கல்லூரிக்கும் அனுப்பியாயிற்று.

எங்களுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. ஆனால் அங்கே நாற்பது பேர் தங்கள் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். தலைக்குச் சாயம் பூசிய அம்மா மருமகன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருவர் முகமும் இதில் இல்லை. அதை நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. டிவியில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் மாமா. இல்லையென்றால் நான் அவர்களுக்கு எழுதுகிறேன். எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். வெட்டத் தெரியாமல் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

படம் இத்துடன் இருக்கிறது.

மருமகள்

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. இரண்டு பக்கத்துக்குக் குறைவாக எழுதத் தெரியாதவர் நீங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமா? அங்கே யாராவது உங்களை ஏதாவது சொன்னார்களா?

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அதைப் பார்த்தாவது எழுதுங்கள். தொண்டையை நேரில் கூப்பிட்டார்கள். பாடச் சொன்னார்கள், பாடினாள். கடைசியில் அங்கே இருந்த ஒருவர், "வீடியோவுல அந்தப் பெரியவர் பாக்குறாரே, அது எந்தக் கடற்கரைம்மா?" என்று கேட்டாராம். "கடற்கரை இல்லீங்க சார், லாண்டரி" என்றாளாம் இவள். அறையே சிரித்ததாம். "அவர் யாரு, உன் அப்பாவா?" "எங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! இனி உங்களுக்கு இரண்டு மருமகள்.

இடம் கிடைத்துவிட்டது மாமா. கடிதம் நேற்று வந்தது. அண்ணனுடைய கடையில் உட்கார வேண்டாம்.

கத்தரி உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொன்னான்: 'அளந்ததாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.'

எழுதுங்கள்.

மருமகள்

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள என் இரண்டு மருமகள்களுக்கு,

மாமா எழுதாததற்குக் காரணம், நீ சொன்னபடி அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் படம் எப்போதோ வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தபால் தாமதம்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். தபால்காரர் நல்ல மனிதர், அவரை நான் திட்டின திட்டில் ஒன்றுகூட அவருக்குத் தகாது. முதலில் ஒரு பெரிய கதை தயார் பண்ணினேன். படத்தை வெளிநாட்டில் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று. அது எனக்கே நம்பும்படியாக இருந்தது. ஆனால் கிழிசல் தைக்கிற அம்மா தினமும் சீவி முடித்து வந்து என் முகத்தைப் பார்ப்பார். அந்தத் தலைக்கு முன்னால் எந்தக் கதையும் நிற்கவில்லை.

தொண்டைக்கு இடம் கிடைத்தது என்ற உன் கடிதம் வந்ததும், சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் நடுவே போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு எடம் கெடச்சிருச்சு" என்றேன். ஒரே கைதட்டல். அது ஓய்வதற்குள் சொல்லிவிட்டேன்: "ஆனா படத்துல நம்ம யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

நாற்பது தலையும் ஒன்றாக மடிப்பக்கா பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் அவள். "ஹீரோ நான்தான், ஹீரோ நான்தான்னு இந்த ஆளுதானே வீடு வீடாப் பத்திரிகை வைக்காத குறையாச் சொன்னாரு? ஹீரோவை விட்டுட்டு உங்க மூஞ்சியை எடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அது சும்மா சொன்னது" என்றேன்.

"சும்மா சொன்னதை எல்லாம் நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்க வாயைத் தொறந்தாலே எல்லாம் அதே மாதிரிதானே இருக்கு!"

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. கிழிசல் தைக்கிற அம்மா தட்டை மூடி வைத்துவிட்டு, "அப்ப மருமகன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார். மருமகளே, நான் பாறாங்கல்லைத் தூக்கியிருக்கிறேன், புலியோடு முகத்துக்கு முகம் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் மட்டும் தலை குனிந்துவிட்டேன். பெரியவர்தான், "போட்டுத்தான் பாப்போமே. நம்மாளு எப்படி நடிச்சிருக்கான்னு பாக்கணும்ல" என்றார்.

போட்டோம்.

என் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு முகம் எனக்கு இருப்பதாக யாரும் சொன்னதுமில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்போது பாட்டுத் தொடங்கியது. 'டக்.'

கிழிசல் தைக்கிற அம்மா எழுந்துவிட்டார். "அது நான்!" என்றார். "அது என் கைதான். ஊசி குத்தாம இருக்க விரல்ல இரும்புத் தொப்பி மாட்டியிருப்பேன். அன்னிக்கு அவசரத்துல கழட்ட மறந்துட்டேன்!" மறுபடி 'டக்.' மறுபடி அவர். பாட்டு முழுக்க அவர்தான். முதல் அடி அவருடையது, அந்தப் பெண்ணே அவர் கைக்குப் பின்னால்தான் பாடுகிறாள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "அந்த நீராவி என்னுது" என்றார் பெரியவர். உருளையில் நிற்பவர்கள், "உறுமுறது எங்க மெஷின்டா" என்றார்கள். கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தபோது சூப்பர்வைசர் அம்மா, "என்னைப் பாத்துத்தானே சிரிக்கிறீங்க" என்று சொல்லி அவரும் சிரித்தார். நூறு பேர் கண்ணில் தண்ணீர். நீ பாதியாக்கிக்கொள். ஆனால் அதையும் பாதியாக்கினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார்கள். போட்டேன். அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் தங்கள் சத்தம் சரியாகக் கேட்கவில்லையாம். கிழிசல் தைக்கிற அம்மா மூடிய கண்ணோடு மேசையில் விரலைத் தட்டினார். மடிப்பக்கா தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். கதாநாயகன் அவ்வளவு பெரிதாகத் திரையில் நிற்கிறான், நிமிர்ந்து பார்க்க ஒரு ஆள் இல்லை!

எனக்கும் பார்க்க நேரமில்லை. நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மாமா